நம்பிக்கை மையத்துக்கு வந்த வழி: சேலம், நாமக்கல் சமவெளியில் எய்ட்ஸ் பணியின் வரலாறு

எய்ட்ஸ் நோய் தமிழக அரசின் கோப்புகளுக்குள் நுழைந்த ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக அந்த நோயைக் கொடுத்தார். 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட நோய் அது; இந்தியாவில் அதுவரை ஒருவரிடமும் கண்டறியப்படவில்லை. கையுறைகூட இல்லாமல் மூன்று மாதத்தில் எண்பது பேரிடம் இரத்தம் எடுத்தார் நிர்மலா. குழாய்களை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்து, பிறகு இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அவை மயிலாப்பூர்க் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களுடையவை. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1986இல்தான். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் ஒரு வட்டம். சென்னையில் கண்டறியப்பட்ட நோய்க்கும், மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் இந்த மேட்டு நிலத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அந்தத் தொடர்பைச் சாலை உண்டாக்கியது. அதைப் பின்தொடர்ந்து வரச் சுகாதாரத் துறைக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

துறையின் கையில் கருவிகள் இல்லாமல் இல்லை. 1939இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. பால்வினை நோய்களுக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ஆர்.வி. ராஜம் போன்றவர்கள் வளர்த்தெடுத்த பால்வினை நோய்ப் பிரிவு நாடறிந்தது. ஆனால் மாவட்டங்களில் பணியாற்றிய சுகாதாரப் படை பழகியிருந்தது காலராவுக்கும் பெரியம்மைக்கும். நோய் கண்ட வீட்டைக் குறித்துக்கொள், நோயாளியைத் தனியே வை, கிணற்றில் மருந்து போடு, ஊராருக்கு ஊசி குத்து: இதுதான் சுகாதார ஆய்வாளரின் கை அறிந்த வேலை. பெரியம்மையை ஒழித்த வேலையும் இதுவே என்பதால் துறைக்கு அதில் பெருமையும் இருந்தது.

எய்ட்ஸை உண்டாக்கும் கிருமியான எச்.ஐ.வி.யிடம் அந்தப் பழக்கம் செல்லவில்லை. கிருமி உடலில் புகுந்த பிறகு எட்டுப் பத்து ஆண்டுகள் வரை ஒருவர் வண்டி ஓட்டலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். முகத்தில் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் இல்லை, காற்றில் இல்லை, தொட்டால் வராது. உடலுறவு, இரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்ற நான்கு வழிகளில் மட்டும் போகும். தடுப்பூசி கிடையாது, அன்று மருந்தும் கிடையாது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகியிருக்கும், தெருவே அறியும். இந்த நோய் குடியிருந்த வீட்டை அடையாளம் காட்ட எதுவும் இல்லை. நோயாளி தானாக நடந்து வந்தால்தான் துறைக்குத் தெரியும். தானாக வரவேண்டும் என்றால், வந்தவருக்கு அங்கே கெடுதல் நேராது என்ற உறுதி வேண்டும். இந்தச் சின்ன உண்மையைத் துறை கற்றுக்கொண்ட கதைதான் அடுத்த இருபது ஆண்டுகள்.

முதலில் எழுந்தது அடைத்து வைக்கும் எண்ணமே. கோவா அரசு தன் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, கிருமி உள்ளவரைத் தனிமைப்படுத்த அதிகாரம் எடுத்துக்கொண்டது. 1989இல் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை அதன்படி 64 நாள் காவலில் வைத்தது. தமிழகத்திலும் காப்பகத்துப் பெண்களில் கிருமி காணப்பட்டவர்கள், வைக்கவேண்டிய காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1990இல் அவர்களை விடுவிக்க உத்தரவானது. ஆய்வுக்கு இரத்தம் கொடுத்து அரசுக்கு நோயை அறிவித்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு பூட்டு. வரலாற்றில் இதை மென்மையாக எழுத வழியில்லை.

அடுத்த மாற்றம் நிர்வாகத்தில் வந்தது. 1992இல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவி, உலக வங்கிக் கடனுதவியுடன் முதல் கட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் மாநிலக் கருவூலத்துக்கு வந்து, அங்கிருந்து கோப்பு ஏறி இறங்கி மாவட்டத்துக்குப் போவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். அந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழகம் 1994இல் ஒரு வழி கண்டது: துறைக்கு வெளியே, பதிவுபெற்ற சங்கமாக, தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். தலைவர் சுகாதாரத் துறைச் செயலர். நடத்துபவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. செலவு செய்ய, ஆள் எடுக்க, தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடத் தனி அதிகாரம். இந்தியாவில் இதுவே முதல் முயற்சி. பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் இதே வடிவம் விதியாயிற்று. அடுத்த ஆண்டு, 1995இல், அமெரிக்க நிதியுதவியோடு அடையாறு தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தில் ‘அபாக்’ என்ற திட்டம் தொடங்கியது. பாலியல் தொழிலாளர், அவர்களை நாடிச் செல்லும் ஆண்கள், குறிப்பாக லாரித் தொழிலாளர் ஆகியோரிடையே வேலை செய்யும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுப்பது அதன் வேலை.

லாரி என்றதும் பேச்சு சேலம், நாமக்கல்லுக்கு வந்தாக வேண்டும். காவிரி ஓரமாகப் போனாலும் இந்தச் சமவெளியின் பெரும்பகுதி மானாவாரிக் காடுதான். கிணறு வற்றிய குடியானவர் காட்டை அடகு வைத்து ஒரு வண்டி எடுப்பார். கிளீனராக ஏறிய பையன் டிரைவராகி, பிறகு பங்குக்கு வண்டி வாங்கி முதலாளி ஆவான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, ஊருக்கு ஊர் பாடி கட்டும் பட்டறை என்று அரை நூற்றாண்டில் ஒரு தனிப் பொருளாதாரமே எழுந்தது. தென்மாநிலங்களில் சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் வண்டிகளின் உரிமையாளர் சங்கம் இருப்பது நாமக்கல்லில். ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும், ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போயின. இன்று 44 என்று எண் மாறிய பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலை சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் போகிறது; பழைய 47 சங்ககிரி வழியாகக் கோவைக்குப் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஊர்களில் வண்டித் தொழிலோடு ஏதாவது ஒரு வழியில் தொடர்பில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வடநாட்டுக்கு லோடு ஏற்றிப் போன வண்டி திரும்ப ஒரு மாதமும் ஆகும். பம்பாய், கல்கத்தா, அசாம் என்று போய், திரும்புகாலுக்கு லோடு கிடைக்கும் வரை லாரி நிறுத்தத்தில் காத்துக் கிடக்கவேண்டும். இருபது வயதுப் பையன்கள், கையில் பேட்டா, வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். உலகெங்கும் இப்படித்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து உகாண்டா போகும் சாலையிலும் இந்நோய் லாரித் தொழிலோடு சேர்ந்தே பரவியது. தொழிலின் அமைப்பில் இருந்த ஆபத்து இது. டிரைவர்களின் குணத்தில் தேடுவது தவறு. ஆயினும் அன்றைய சுவரொட்டிகளும் மேடைகளும் குணத்தைத்தான் தேடின. மண்டை ஓடும் எலும்பும் வரைந்து, ‘எய்ட்ஸ் ஒரு உயிர்க்கொல்லி’ என்று எழுதியதால் யாரும் சோதனைக்கு வந்ததாகத் தெரியவில்லை. பயந்தவர் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி ‘இழந்த சக்தியை’ மீட்டுத் தரும் வைத்தியரிடம் போனார். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு லேகியம் கொடுத்தார்.

1990களின் பின்பாதியில் வேலையின் முறை மாறியது. தொண்டு நிறுவனப் பணியாளர்கள் மருத்துவமனையில் உட்கார்ந்து காத்திராமல் வண்டி நிற்கும் இடத்துக்கே போனார்கள். டீக்கடை, பஞ்சர் கடை, பாடி கட்டும் பட்டறை, தாபா, லோடு புக்கிங் ஆபீஸ் ஆகியவைதான் அவர்களுடைய வகுப்பறை. பீடி, வெற்றிலை விற்கும் பெட்டிக்கடையில் ஆணுறையும் சரமாகத் தொங்கத் தொடங்கியது. மருந்துக் கடையில் நாலுபேர் முன்னால் கேட்கக் கூசிய பொருளைப் பெட்டிக்கடையில் தீப்பெட்டியோடு சேர்த்து வாங்கலாம். டிரைவர்களிலேயே சிலரைப் பயிற்றுவித்து மற்றவர்களிடம் பேசவைத்தார்கள். வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண், சீழ் போன்ற பால்வினை நோய் அறிகுறிகளுக்கு அந்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்தார்கள். புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவது பல மடங்கு எளிது என்பதால் இது வெறும் உபகாரமல்ல, தடுப்பு வேலை. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழகச் சுவர்களெல்லாம் கேட்டது 2003 வாக்கில். யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது. கேலியாகப் பேசினாலும், ஊர் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான்.

இதற்கிடையில் 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து நாடு முழுவதும் ஆண்டுதோறும் காவல் கண்காணிப்பு என்ற கணக்கெடுப்பு முறையாக நடக்கத் தொடங்கியது. அது நடக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தேர்ந்தெடுத்த மருத்துவமனையின் பிரசவப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகளில் வரிசையாக 400 பேரிடம் எப்படியும் மேகநோய்ச் சோதனைக்காக எடுக்கும் இரத்தத்தில் மிஞ்சும் சில துளி தனிக் குழாயில் ஊற்றப்படும். குழாயில் பெயர் இருக்காது. வயது, எழுத்தறிவு, கணவரின் தொழில் போன்ற சில விவரம் மட்டும். மூன்று மாதத்தில் 400 குழாய் சேர்ந்ததும் சோதித்து விழுக்காடு சொல்வார்கள். எந்தக் குழாய் யாருடையது என்று சோதித்தவருக்கும் தெரியாது. எனவே கிருமி இருந்த பெண்ணுக்கும் தெரியாது. கணக்கு சரியாக வர இந்தப் பெயரழிப்பு அவசியம். ஆனால் மருந்து கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பெண்ணின் இரத்தத்தில் கிருமி கண்டும் அவளுக்குச் சொல்ல முடியாத கணக்கு நியாயமா என்ற கேள்வி எழுந்தது. அதன் விடையாகத்தான் பெயரோடு, சம்மதத்தோடு, ஆலோசனையோடு செய்யும் சோதனை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தனியாக வந்து சேர்ந்தது.

அந்தக் கணக்கில் நாமக்கல் தமிழகப் பட்டியலின் மேற்பகுதியில் வந்தது. கர்ப்பிணிகளில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கிருமி காணப்பட்டால் அது பொது மக்களிடம் பரவிவிட்டதன் அடையாளம் என்பது அன்றைய அளவுகோல். தமிழகம் நாட்டின் ஆறு உயர்நிலை மாநிலங்களில் ஒன்றாயிற்று. மூன்றாம் கட்டத் திட்டத்தில் மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது சேலமும் நாமக்கல்லும் அதிகக் கவனம் தேவைப்படும் ‘ஏ’ பிரிவில் நின்றன. பத்திரிகைகள் நாமக்கல்லுக்கு ஒரு பட்டப்பெயரையே சூட்டிவிட்டன. தேடிச் சோதித்த இடத்தில்தான் எண்ணிக்கை தெரியும், தேடாத மாவட்டத்தில் சுழியம்தான் தெரியும் என்ற எளிய கணக்கு அந்தத் தலைப்புச் செய்திகளில் இல்லை.

அந்த விழுக்காடுகள் சொன்ன வேறொரு செய்தி இன்னும் முக்கியமானது. கிருமி இருந்த கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறொருவரை அறியாத குடும்பப் பெண்கள். துறையின் ‘ஆபத்துப் பிரிவு’ப் பட்டியலில் பாலியல் தொழிலாளி இருந்தார், டிரைவர் இருந்தார், ஊசி போதை எடுப்பவர் இருந்தார், மனைவி இல்லை. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யாவின் வாழ்க்கை இதை நாட்டுக்கே சொன்னது. 1995இல் இருபது வயதில் உறவுக்குள்ளேயே ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிவைத்தார்கள். தனக்குக் கிருமி இருப்பது மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும். திருமணமான சில வாரங்களில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போன கௌசல்யா தனக்கும் தொற்றியதை அறிந்தார். ஒளிந்து வாழாமல், சொந்தப் பெயரோடும் முகத்தோடும் பேசத் தொடங்கினார். கிருமி உள்ள பெண்களைச் சேர்த்து 1998இல் அவர் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் இந்தியாவில் அந்த வகையில் முதல் அமைப்பு. நாமக்கல்லிலும் ‘எச்.ஐ.வி. உள்ளோர் நலச் சங்கம்’ உருவாயிற்று. அரசு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்த இவர்களைப் பார்த்துத்தான் பல அதிகாரிகள் ‘நோயாளி’ என்ற சொல்லை விட்டு ‘எச்.ஐ.வி. உள்ளோர்’ என்று பேசப் பழகினார்கள்.

பிரசவ அறைதான் அடுத்த களம். ஒன்றும் செய்யாமல் விட்டால் கிருமி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத் தொற்றும். வலி கண்ட தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு மூன்று நாளுக்குள் அதே மருந்தில் சில துளி. இவ்வளவில் அந்த ஆபத்து பாதியாகக் குறையும் என்று உகாண்டா ஆய்வு 1999இல் காட்டியது. 2000களின் தொடக்கத்தில் தமிழக அரசு மருத்துவமனைகளில் இது நடைமுறைக்கு வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியை மூன்றாம் மாதத்திலேயே பதிவு செய்யும் பழக்கம் தமிழகத்தில் முன்பே ஊறியிருந்ததால், இந்த வேலை மற்ற மாநிலங்களைவிட இங்கே சீக்கிரம் வேர்பிடித்தது. பெரிய சிக்கல் மருந்தில் இல்லை, தலைப்பிரசவ வழக்கத்தில் இருந்தது. பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். புகுந்த வீடு இருக்கும் பரமத்தியில் சோதித்த பெண்ணுக்கு ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வலி எடுக்கும். தாய்வீட்டுக்கு அவள் நோய் தெரியாது. அங்குள்ள செவிலியருக்கும் தெரியாது. மாத்திரையைக் கையிலேயே கொடுத்தனுப்புவது, ஆலோசகர் ஊர் ஊராகத் தொலைபேசியில் துரத்துவது என்று அந்த இடைவெளியை அடைத்தார்கள். 2014 முதல் நிலைமை எளிதாயிற்று: கிருமி உள்ள எந்தக் கர்ப்பிணிக்கும் வாழ்நாள் முழுவதும் கிருமியை அடக்கும் கூட்டு மருந்து. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் இரத்தத் துளியை உலரவைத்து அனுப்பினால் கிருமியின் மரபுக்கூறையே தேடிச் சொல்லிவிடுவார்கள்; முதல் முடிவுக்கு முன்பு போலப் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

சோதனை செய்யும் இடத்துக்குத் தமிழகம் வைத்த பெயர் ‘நம்பிக்கை மையம்’. அரசுப் பெயர்ப்பலகைகளில் அரிதாகக் கிடைக்கும் நல்ல தமிழ்ப் பெயர் அது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கான ‘சுகவாழ்வு மையமும்’ அப்படியே. மாவட்ட மருத்துவமனையின் ஒரு மூலையில் பத்தடி அறை. மேசை, இரண்டு நாற்காலி, பேச்சு வெளியே கேட்காதபடி மூடும் கதவு, ஆணுறை மாட்டிக் காட்ட ஒரு மர மாதிரி, எண் மட்டும் எழுதிய பதிவேடு. ஆலோசகர் முதலில் ஊரும் தொழிலும் விசாரிப்பார். சோதனை எதற்கு, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன என்பதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். பிறகு இரத்தம். முதல் சோதனையில் கிருமி தெரிந்தால், வெவ்வேறு முறையில் இன்னும் இரண்டு சோதனை. மூன்றும் ஒத்தால்தான் முடிவு. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் ‘இல்லை’ என்று வந்தவரையும் மறுபடி வரச்சொல்வார்கள். ‘இருக்கிறது’ என்று சொல்லும் அந்தச் சில நிமிடத்தை நல்ல ஆலோசகர் அவசரப்படுத்துவதில்லை. நாமக்கல்காரர் சேலத்து மையத்துக்கும், சேலத்துக்காரர் ஈரோட்டுக்கும் போவதுண்டு. வரிசையில் நிற்கும்போது ஒன்றுவிட்ட மச்சான் கண்ணில் பட்டுவிடக்கூடாது. கணக்கெழுதுபவருக்கு இது தொல்லைதான். ஆனாலும் ஊர் கேட்காமல் மருந்து கொடுப்பதே சரி.

2004க்கு முன்னால் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு ஆலோசகர் கொடுக்கக்கூடியது ஆறுதல் மட்டும். வசதி உள்ளவர் மாதம் பல ஆயிரம் கொடுத்து மருந்து வாங்கினார். இல்லாதவர் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு பஸ் ஏறினார். 1928இல் காசநோய் இல்லமாகத் தொடங்கிய அந்த மருத்துவமனை, மற்ற இடங்கள் கதவடைத்த காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களைப் படுக்கவைத்துப் பார்த்தது. அங்கே சி.என். தெய்வநாயகம், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்று சித்த மருந்துகளைக் காசநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார். கிருமியை அடக்கும் என்று நிறுவப்பட்ட மருந்துகள் அல்ல அவை. உள்ளூர் மருத்துவமனைகளில் தொடவே அஞ்சிய காலத்தில், ஒரு மருத்துவர் கைபிடித்து நாடி பார்த்து எடை கூடியதா என்று கேட்டதற்காகவே இங்கிருந்து ஆட்கள் இரவெல்லாம் பயணம் செய்தார்கள்.

2001இல் பம்பாயின் சிப்லா நிறுவனம், மேல்நாடுகளில் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற ஓராண்டுக் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதன் பலன் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த அளவு வேகமாக இந்தியாவுக்குள் வரவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது; தாம்பரம் அதில் ஒன்று. அடுத்து வந்த விரிவாக்கத்தின் தொடக்கச் சுற்றுகளிலேயே நாமக்கல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஏ.ஆர்.டி. மையம் என்ற கூட்டு மருந்து மையம் கிடைத்தது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல்தான் என்பதை நினைத்தால், தேவை எவ்வளவு அழுத்தியது என்று புரியும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மையம் அமைந்தது.

மருந்து வந்ததும் கடமையின் தன்மையே மாறியது. அதுவரை பேச்சும் சுவரொட்டியுமாக இருந்தது. இப்போது மாதம் தவறாமல், ஆள் தவறாமல், வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுக்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளையாவது விழுங்கினால்தான் மருந்து பிடிக்கும். விட்டு விட்டுத் தின்றால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஆரம்பத்தில் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்று விதி. எலும்பும் தோலுமாக வந்து, ஆறு மாதத்தில் பட்டறை வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அன்று கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்து சில ஆண்டில் கன்னத்துச் சதையைக் கரைத்தது; கால் எரிச்சல் கொடுத்தது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ஊரில் பேச்சு கிளம்பும். உயிரைக் காத்த மருந்து ரகசியத்தைக் காக்கவில்லை. அந்த மருந்து கைவிடப்பட்டு, விதி 350, 500 என்று தளர்ந்து, 2017இல் கிருமி தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து என்றாயிற்று. இப்போது கொடுப்பது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும் என்று அதில் பஞ்சை அடைப்பவர் இருக்கிறார்கள். ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை என்று வீட்டில் சொல்பவரும் இருக்கிறார்கள். ஒழுங்காக விழுங்கி, இரத்தத்தில் கிருமி அளவு தெரியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. இந்தச் செய்தி நெடுஞ்சாலைச் சுவர்களில் இன்னும் எழுதப்படவில்லை.

இரத்த வங்கி தனிக் கதை. பணத்துக்கு இரத்தம் விற்பவர்களை நம்பி மருத்துவமனைகள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி 1998 தொடக்கத்திலிருந்து அது தடைசெய்யப்பட்டது. கல்லூரி மாணவர் முகாம்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமி உள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞருக்கு ஈராண்டுக்கு முன்பே ஒரு முகாமில் கிருமி தெரிந்தும், அது அவரிடம் சொல்லப்படவே இல்லை. தாமாக வந்து உண்மையைச் சொன்ன அவர் அந்த மாத இறுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். குழாயின் பெயரை அழிக்கும் பழக்கமும், பெயர் தெரிந்தும் சொல்லாத பழக்கமும் ஒன்றல்ல. இரண்டாவது வெறும் கடமை தவறல்.

அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்திருந்தது. சம்மதமில்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியிடக்கூடாது, வேலையிலும் பள்ளியிலும் வாடகை வீட்டிலும் மருத்துவமனையிலும் ஒதுக்கக்கூடாது என்பவை அதன் சாரம். முறையீட்டைக் கேட்க மாநிலம் குறைதீர்ப்பாளரை நியமிக்கவேண்டும். 1990இல் நீதிமன்றம் போய்ப் பெறவேண்டியிருந்தது, இருபத்தெட்டு ஆண்டு கழித்துச் சட்டப்புத்தகத்தில் ஏறியது. இந்த நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009இல் 5 கோடி ரூபாய் வைப்புநிதியோடு ஓர் அறக்கட்டளை தொடங்கி, அதன் வட்டியிலிருந்து உதவித்தொகை கொடுத்து வருகிறது. பின்னர் நிதி உயர்த்தப்பட்டது.

2000களின் தொடக்கத்தில் தமிழகக் கர்ப்பிணிகளில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருந்த தொற்று, இப்போது கால் விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பணமும் அதோடு இறங்கியது. வெளிநாட்டு உதவித் திட்டங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. நெடுஞ்சாலை மருத்துவ முகாம்கள் குறைந்தன. 2020 ஊரடங்கில் பஸ் ஓடாதபோது மையங்கள் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தன. வேறு மாநிலத்தில் சிக்கிக்கொண்டவர் அங்குள்ள எந்த ஏ.ஆர்.டி. மையத்திலும் மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. லாரித் தொழிலாளருக்கு இருபது ஆண்டுக்கு முன்பே தேவைப்பட்ட ஏற்பாடு அது. வர முடியாதவர் வீட்டுக்கு ஆலோசகர்களும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்தினரும் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நம்பிக்கை மையங்களிலும் ஏ.ஆர்.டி. மையங்களிலும் ஆலோசகர்களாகவும் ஆய்வக நுட்பநர்களாகவும் இருப்பவர்களில் பெரும்பாலோர், பத்துப் பதினைந்து ஆண்டு பணி முடித்த பிறகும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.